மூன்றாம் தட்டில் ஒரு தாமதம்

போன மாதம் ஈப்போவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். நான் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த ஒலிப்பதிவுக்கூடத்தில் இப்போது இருக்கிறவள், பெயர் ஷாமினி. "ஆன்ட்டி, ஒருத்தர் கீபோர்டு வாசிச்சத கம்ப்யூட்டர்ல இசைத்தாளா தொறந்தா கன்னாபின்னான்னு வருது. ஒரே வளைகோடு, ஒரே ரெஸ்ட்டு. எதை அமுக்குனா சுத்தமாகும்?" என்று கேட்டாள்.

"மொதல்ல அத அச்செடுத்தியா?" என்றேன்.

"எதுக்கு ஆன்ட்டி? அசிங்கமா இருக்குலா."

"அசிங்கமாவே எடு. எடுத்து வச்சிட்டு அப்புறம் கூப்புடு."

போனை வைத்துவிட்டேன். கிழவிக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். அவளுக்குப் போனில் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் படிப்புக் கதை சின்னது. சுங்காய் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். அப்பா ரப்பர் மரம் சீவினார். மிஷன் பள்ளியில் ஒரு கன்னிகாஸ்திரி பியானோ சொல்லிக்கொடுத்தார். எனக்கு விரல் வரவில்லை. ஆனால் அவர் வைத்திருந்த இசைத்தாள்களைப் பார்த்து எழுதச் சொன்னால் அச்சடித்தது மாதிரி எழுதுவேன். "உனக்குக் கையில் இல்லை, கண்ணில் இருக்கிறது" என்று சொல்லிப் பழைய தாள்களை எல்லாம் என்னிடம் தள்ளிவிட்டார். எழுபதுகளின் நடுவில் டைப்பிஸ்ட் வேலைக்கென்று பஸ் ஏறி ஈப்போ வந்தேன். போன இடம் வாத்தியங்கள் விற்கும் கடை, அதன் மாடியில் ஒலிப்பதிவுக்கூடம். முதலாளி என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு டைப் மெஷினை என் பக்கமே தள்ளவில்லை. மாடிக்கு அனுப்பிவிட்டார்.

மாடியில் மாஸ்டர் இருந்தார். பெயர் தனராஜ். ஆனால் அவர் மனைவியே "மாஸ்டர், சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிடுவார். இசையமைப்பவர், கீபோர்டு வாசிப்பவர், வாத்தியக்குழுவை நடத்துகிறவர் எல்லாம் அவரே. முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த எஸ்டேட்டு?" என்றார்.

"சுங்காய் பக்கம், மாஸ்டர்."

"அப்பா?"

"மரம் சீவுறாரு."

"அப்போ இன்னியிலேருந்து நீதான் கிராணி."

தோட்டத்தில் கிராணி என்றால் ஆபீஸ் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பெயர் கூப்பிடுகிற பெரிய மனுஷன். அவர் வீட்டு வாசலில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நின்று பேசக்கூட யோசிப்பார்கள். மரம் சீவுகிறவர் மகளுக்கு அந்தப் பெயரை வைப்பது எவ்வளவு பெரிய கிண்டல் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் அப்பாவும் மரம் சீவியவர்தான். பாக்கியம் என்கிற என் சொந்தப் பெயர் மாடியில் அன்றோடு போயிற்று.

கிராணி வேலை என்னவென்றால், ஒரே பாட்டை மூன்று எழுத்தில் எழுதுவது. கிளாரினெட் ஊதும் சூசை அண்ணன் ராணுவ பேண்டிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஐந்து கோட்டு எழுத்துதான் வேண்டும். வயலின்காரருக்கு ச ரி க ம. டிரம்பெட் ஊதும் ஆ செங் சீனப்பள்ளியில் படித்தவர். அவருக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணில் எழுதிக்கொடுத்தால்தான் ஓடும். மூன்று பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மூன்று பாஷையில் ஒரே பாட்டைப் படிப்பார்கள். மாஸ்டர் மெட்டைச் சொல்லிக்கொண்டே போவார், நான் எழுதிக்கொண்டே போவேன். தப்பு என்று ஒரு நாளும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. கோப்பி சாசரில் பென்சிலால் ஒரு தட்டு தட்டி, "இன்னொரு தரம் பாப்பமா?" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு தட்டுக்கு நாங்கள் பயந்த மாதிரி முதலாளியின் கத்தலுக்குக்கூடப் பயந்ததில்லை.

லூமுட்டில் ஒரு கலைநிகழ்ச்சி. கடற்படைக்காரர்களின் குடும்பங்கள் எல்லாம் முன்வரிசையில். கிளாரினெட்டுக்கு எழுதும்போது மற்ற வாத்தியங்களைவிட ஒரு படி மேலே தள்ளி எழுத வேண்டும், அந்த வாத்தியத்தின் குணம் அப்படி. நான் ஒரு பாட்டுக்கு மட்டும் தள்ளாமல் எழுதிவிட்டேன். சூசை அண்ணன் முழு நம்பிக்கையோடு ஊதினார். குழு ஒரு வழி, அவர் ஒரு வழி. மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கையால் சூசை அண்ணனுக்கு 'வாத்தியத்தை இறக்கு' என்று ஒரு சைகை காட்டிவிட்டு, கிளாரினெட் ஊத வேண்டியதை வலது கையால் கீபோர்டில் வாசித்துக்கொண்டே போனார். ஜனங்கள் கைதட்டினார்கள். மறுநாள் காலையில் என் மேசைமேல் ஒரு துண்டுக் காகிதம், சிவப்புப் பென்சிலில்: "சூசைக்கு ஒரு படி மேலே. உனக்கு ஒரு கோப்பி கீழே வச்சிருக்கேன்." கீழே கடையில் போய்க் கேட்டால், நிஜமாகவே எனக்கென்று ஒரு கோப்பி மூடி வைத்திருந்தது. ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

இப்போது அவருடைய தாமதத்தைச் சொல்ல வேண்டும். அதுதான் இந்தக் கதை.

நாலு தட்டுத் தாளத்தில் மூன்றாவது தட்டை மாஸ்டர் எப்போதும் ஒரு இழை பிந்தித்தான் வாசிப்பார். எல்லாரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, அவசரமே இல்லாமல் கடைசியாகப் படியில் கால் வைக்கிற ஆள் இருப்பாரே, அந்த மாதிரி. பஸ்ஸை அவர் விட்டதே இல்லை. அந்த ஒரு இழைக்குள் என் மூச்சு நின்று திரும்பி வரும். அதை எப்படியாவது எழுதிப் பிடித்துவிட வேண்டும் என்று ஒருமுறை புள்ளியும் வளைகோடுமாகப் போட்டு அவரிடம் நீட்டினேன். ரப்பரை எடுத்து அவரே அழித்தார்.

"பேப்பர்ல நேரா எழுது கிராணி. கோணல நான் பாத்துக்கிறேன்."

பதினைந்து வருடம் நேராகவே எழுதினேன்.

எண்பதுகளின் கடைசியில் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவந்து மாடியில் வைத்தார். கீபோர்டை அதில் கம்பியால் இணைத்து வாசித்தால், எந்தக் கட்டையை எந்த நேரத்தில் எவ்வளவு அழுத்தி வாசித்தோம் என்று அது குறித்து வைத்துக்கொள்ளும். வேண்டும்போது அதே கீபோர்டை அதுவே வாசிக்க வைக்கும். அதிலேயே ஒரு இசைத்தாள் பக்கமும் உண்டு. திறந்தால் ஐந்து கோடும் ஸ்வரங்களும் திரையில் தெரியும். மௌசால் பிடித்து நகர்த்தலாம், அழிக்கலாம், அச்செடுக்கலாம். கூடத்தில் எல்லாரும் என்னைத் துக்கம் விசாரிக்கிற மாதிரி பார்த்தார்கள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. சூசை அண்ணனுக்கு ஒரு படி மேலே என்பது ஒரே கட்டளை. லூமுட் நினைப்பில் அந்தக் கட்டளையை முதல் வாரம் சும்மா சும்மா கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடிமனான ஆங்கிலப் புத்தகம் ஒன்று கூட வந்தது. மூன்று வாரத்தில் அதைக் கரைத்துக் குடித்தேன். குடித்ததாக நினைத்தேன்.

அந்த வருடம் மாஸ்டரின் ஒரே மகள் மாலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தை மாதம். மகள் மணவறைக்கு நடந்து வரும்போது வாசிக்க அவர் ஒரு மெட்டுப் போட்டார். ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வாசித்தவருக்குத் தன் மகள் கல்யாணத்தில் வாசிக்க முடியாது. பெண்ணைப் பெற்றவர் மணவறையில் இருக்க வேண்டும். அதனால் முன்கூட்டியே கம்ப்யூட்டரில் வாசித்து வைத்துவிட்டால், அன்றைக்கு அது வாசிக்கும், சூசை அண்ணனும் வயலினும் தபேலாவும் கூடச் சேர்ந்துகொள்ளும் என்பது அவர் திட்டம்.

"ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருக்கணும்லா கிராணி. இந்தப் பொட்டி இல்லாட்டி முடியுமா?"

ஒரு காலை வேளையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்து முடித்தார். மொத்தம் இரண்டு நிமிஷம் இருக்கும். முடித்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் இசைத்தாள் பக்கத்தைத் திறந்தேன். நான்கு பக்கம் வந்தது. அடேயப்பா, அப்படி ஒரு கண்றாவியை நான் பார்த்ததில்லை. அவர் பிந்தி வைத்த ஒவ்வொரு தட்டையும் அந்தப் பெட்டி உள்ளது உள்ளபடி எழுதியிருந்தது. கண்ணுக்கே தெரியாத ஓய்வுக்குறிகள், ஒன்றோடு ஒன்று கட்டிய வளைகோடுகள். வேடிக்கைக்காக அச்செடுத்தேன். ஊசி அச்சுப்பொறி கிர்ர் கிர்ர் என்று கால் மணி நேரம் அழுதது.

சூசை அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சீனிக்கு எறும்பு வந்த மாதிரி இருக்குலா. இத ஊதணும்னா எனக்கு ரெண்டு வாயி வேணும். ஆர்மியில இப்படி ஒருத்தன் எழுதிக் குடுத்தான்னா அவன லாக்கப்புல போட்டிருப்பாங்க." நாலு பக்கத்தையும் மடித்துத் தன் கிளாரினெட் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். எச்சில் ஈரம் உறிஞ்சுவதற்கு அவருக்கு எப்போதும் காகிதம் வேண்டும்.

மாஸ்டரும் சிரித்தார். எழுந்து போகும்போது, "அவனுக்குப் படிக்கிற மாதிரி சுத்தம் பண்ணிக் குடு. ஆனா என் வாசிப்ப தொட்டுறாத" என்றார்.

அந்தப் பெட்டியில் சுத்தம் செய்ய இரண்டு கட்டளை உண்டு. ஒன்று, திரையில் தெரியும் பக்கத்தை மட்டும் நேராக்கும். வாசித்தது வாசித்தபடி இருக்கும். இன்னொன்று, வாசித்ததையே பிடித்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் தாளத்தின்மேல் கொண்டுபோய் நிறுத்திவிடும். இரண்டும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து இருந்தன. எதைக் கொடுத்தாலும் திரையில் வருவது ஒரே மாதிரியான சுத்தமான பக்கம். கண்ணால் வித்தியாசம் காண முடியாது, காதால் கேட்டால்தான் தெரியும். அன்றைக்குப் பக்கத்து அறையில் ஒரு பக்திப்பாடல் பதிவு நடந்துகொண்டிருந்ததால் என் ஒலிபெருக்கியை அணைத்து வைத்திருந்தேன்.

நான் இரண்டாவதைக் கொடுத்தேன். பக்கம் அழகாக வந்தது. மனசு குளிர்ந்து, பழையதன் மேலேயே பதிந்து, டிஸ்கை வெளியே எடுத்து, 'மாலா' என்று எழுதி ஒட்டினேன். கண் இருக்கிற திமிர். வேறென்ன சொல்ல.

கார்த்திகை முடிவதற்குள் மாஸ்டர் குளியலறையில் விழுந்தார். வலது கையும் வலது காலும் போயிற்று. பேச்சு இழுத்தது, ஆனால் புரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் கேட்டது அந்த மெட்டை. கேசட்டில் போட்டு எடுத்து வரச் சொல்லி அனுப்பியிருந்தார். டிஸ்கைப் போட்டு ஓடவிட்டேன். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எல்லாம் அதனதன் இடத்தில். மூன்றாவது தட்டு யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மெட்டு இருந்தது, அழுத்தம்கூட அவர் அழுத்தியபடியே இருந்தது, அவர் மட்டும் இல்லை. அந்த வாசிப்புக்கு வேறு நகல் கிடையாது. ஒரு பாட்டுக்கு ஒரு டிஸ்க், அதுதான் எங்கள் வழக்கம்.

முதலாளியிடம் போய் நின்றேன். கேட்டுவிட்டு, "நல்லாத்தானே இருக்கு?" என்றார். விளக்கிச் சொன்னேன். "யாருக்குத் தெரியப் போவுது பாக்கியம்? கல்யாண வீட்டுல எவன் கேக்குறான்? எல்லாருக்கும் பந்தியிலதான் கண்ணு. அவரும் ஒடம்பு முடியாம இருக்காரு. குடுத்துட்டு வா." எனக்கும் அப்போது அதுதான் வேண்டியிருந்தது. கேசட்டை எடுத்துக்கொண்டு புந்தோங்கில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். உடம்பு முடியாதவருக்குத் தெரியாது என்று நம்பிப் போனேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும், அந்தக் கட்டளையை மாற்றிக் கொடுத்ததைவிட இப்படி நம்பிப் போனதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சரசக்கா, மாஸ்டரின் மனைவி, கேசட்டைப் போட்டார். மாஸ்டர் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இடது கை விரல் போர்வைமேல் தாளம் போட்டது. மூன்றாவது தட்டில் விரல் வழக்கம்போலப் பிந்தி இறங்கியது. பாட்டு அதற்கு முன்பே போய்விட்டது. அடுத்த வரியிலும் அப்படித்தான். மூன்றாவது வரியில் விரல் நின்றுவிட்டது. கடைசி வரைக்கும் மரியாதையாகக் கேட்டார்.

"நல்லா வாசிக்கிறாங்க" என்றார். "யாரு?"

சரசக்கா சிரித்தார். "என்னங்க, நீங்கதான்."

அவர் என்னைப் பார்த்தார். சொல்லிவிட்டேன். அழுதுகொண்டே, சுத்தம் செய்தது, பதிந்தது, முதலாளி சொன்னது, நான் நம்பி வந்தது எல்லாவற்றையும். அவர் கேட்டார், "அந்த ரெண்டு கட்டளையும் பக்கத்துல பக்கத்துலயா இருக்கு?"

"ஆமா மாஸ்டர்."

"அப்போ சரி. நீ என்ன பண்ணுவ."

வாசல் கேட் வரைக்கும் சரசக்கா வந்தார். "கிராணி, அவரு ஒன்ன கோவிக்க மாட்டாரு. நான் கோவிக்கிறேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "அந்தக் கை இனிமே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எம்பொண்ணு மணவறைக்கு வரப்போ அவ அப்பா வாசிக்கணும். நீ என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது."

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது.

மறுநாளிலிருந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஸ்வரமும் எந்த நேரத்தில் விழுகிறது என்று எண்ணாகக் காட்டும் பட்டியல் ஒன்று அந்தப் பெட்டியில் உண்டு. மூன்றாவது தட்டுகளைப் பிடித்துக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன். கேட்டால் குடிகாரன் வாசித்த மாதிரி இருந்தது. குறைத்தேன். வேலைக்குப் பிந்தி ஓடிவருகிறவன் மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் ஒரே அளவு தள்ளினால் நொண்டியது. அப்போதுதான் புரிந்தது, அவர் ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரி பிந்தியவர் இல்லை. மெட்டு மேலே ஏறும்போது அதிகம், இறங்கும்போது கொஞ்சம், சில இடத்தில் பிந்தவே இல்லை. எங்கே எவ்வளவு என்று என் காதுக்குத் தெரிந்த மாதிரி இருக்கும், கையை வைத்தால் தெரியாது. பதினைந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், நாலு வரி எனக்கு வரவில்லை. ஐந்து நாள் இப்படிப் போயிற்று. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதிருக்கிறேன்.

ஆறாவது நாள் சூசை அண்ணன் ஒத்திகைக்கு வந்தார். கிளாரினெட் பெட்டியைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த காகிதத்தில் வாத்தியத்தின் வாயைத் துடைத்துக்கொண்டே, "என்னம்மா மூஞ்சி இப்படி இருக்கு, வீட்டுல எதும் கஷ்டமா, சுசாவா?" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். ஓரத்தில் துளைபோட்ட அச்சுக் காகிதம்.

"அண்ணே, தொடைக்காதீங்க."

பிடுங்காத குறையாக வாங்கி மேசைமேல் விரித்தேன். அந்த எறும்புக் கூட்டம். கண்ணுக்கே தெரியாத ஓய்வுக்குறிகள், வளைகோட்டுமேல் வளைகோடு. மாஸ்டர் எங்கே எவ்வளவு பிந்தினார் என்பது ஒவ்வொரு தட்டுக்கும் எழுதியிருந்தது. கண்றாவி என்று நாங்கள் சிரித்ததுதான் அவர் கை. நான் பதினைந்து வருடம் எழுதாமல் விட்டதை அந்தப் பெட்டி ஒரே காலையில் எழுதி, நாங்கள் அதை எச்சில் துடைக்கக் கொடுத்திருந்தோம்.

"நாலு பக்கம் இருந்துச்சே அண்ணே. மூணுதான் இருக்கு."

சூசை அண்ணன் தலையைச் சொறிந்தார். "நாலாவது போன வாரமே நைஞ்சு போச்சும்மா. தூக்கிப் போட்டுட்டேன். நான் என்னத்தக் கண்டேன், வேணும்னா சொல்லியிருக்கலாம்லா." பெரிய மீசை வைத்த மனுஷன், குற்றம் செய்த பிள்ளை மாதிரி நின்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் படிக்கிறேன், நீ போடு" என்றார்.

அவர் ஒவ்வொரு குறியாகப் படிக்க, நான் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நகர்த்தினேன். ஈரம் பட்ட இடத்தில் மை பரவியிருந்தது. அங்கே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். காகிதத்தில் எழுத முடிகிற அளவுக்குமேல் நுணுக்கமாக அவர் பிந்தியிருந்தால் அது போனது போனதுதான். நாலு நாள் ஆயிற்று. முதல் பக்கம் முடிந்ததும் ஓடவிட்டேன். ஒன்று, இரண்டு, அப்புறம் அந்த இடைவெளி, அதற்கப்புறம் மூன்று.

மாஸ்டர் அந்தப் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். சூசை அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் அழுதேன், சிரித்தேன், மறுபடி போட்டுக் கேட்டேன். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன். ஆனாலும் சொல்கிறேன், அந்த இடைவெளிக்கு ஏங்கின மாதிரி நான் வேறு எதற்கும் ஏங்கியதில்லை. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

கடைசிப் பக்கத்தில் எட்டு பார், அதாவது எட்டுத் தாளச் சுற்று, இருந்தது. அதை என் காதை வைத்துச் செய்து பார்த்தேன், பொய் என்று எனக்கே தெரிந்தது. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் சரசக்காவிடம் சொல்லி அனுப்பினேன். கடைப் பையன்கள் இரண்டு பேரும் சூசை அண்ணனுமாக மாஸ்டரை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கி வந்தார்கள்.

மூன்று பக்கத்தையும் ஓடவிட்டேன். அவர் இடது விரல் நாற்காலிக் கையில் தாளம் போட்டது. மூன்றாவது தட்டில் விரலும் பாட்டும் ஒன்றாக இறங்கின. அடுத்த வரியிலும். அவர் விரல் நிற்கவே இல்லை. மூன்றாம் பக்கம் முடிந்ததும் பாட்டு நின்றது.

"மிச்சம்?"

"இல்ல மாஸ்டர். எட்டு பார் போச்சு."

சூசை அண்ணனைப் பார்த்தார். சூசை அண்ணன் தரையைப் பார்த்தார். மாஸ்டர் நாற்காலியைக் கீபோர்டுப் பக்கம் தள்ளச் சொன்னார். வலது கை மடியில் கிடந்தது. இடது கையைத் தூக்கிக் கட்டைமேல் வைத்தார்.

"ஓட விடு."

ஒரு தரம் வாசித்தார், விரல் வழுக்கியது. பென்சில் இல்லை, சாசரும் இல்லை. அவரே, "இன்னொரு தரம் பாப்பமா?" என்றார். மூன்றாவது தரம் முடித்தார். வலது கை வாசித்ததைவிட அது இன்னும் பிந்தியிருந்தது. சில ஸ்வரத்தை விட்டிருந்தார். மூன்றாவது தட்டுக்கு வரும்போதெல்லாம் வருவாரோ மாட்டாரோ என்று இருந்தது. வந்தார்.

"இத சுத்தம் பண்ணாத கிராணி" என்றார்.

கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் கீபோர்டை வைத்து, கம்பியால் பெட்டியோடு இணைத்திருந்தேன். கீபோர்டுக்கு முன்னால் ஒரு ஸ்டூலும் போட்டிருந்தது. யார் போட்டார்கள் என்று தெரியாது. சடங்குகளை மாஸ்டரின் அண்ணன் செய்தார். மாஸ்டர் மணவறைக்குக் கீழே சக்கர நாற்காலியில். சரசக்கா பின்னால் நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாலா நடந்து வந்தாள். நான் ஓடவிட்டேன்.

ஒன்று, இரண்டு, இடைவெளி, மூன்று.

சரசக்கா சட்டென்று நிமிர்ந்து அந்த வெறும் ஸ்டூலைப் பார்த்தார். தன் கைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற மனுஷனை மறந்துபோய் அங்கே தேடினார். பிறகு குனிந்து மாஸ்டரின் தலையில் கையை வைத்தார். கடைசி எட்டு பாரில் சூசை அண்ணன் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அந்த இடது கையோடு சேர்ந்து ஊத அவருக்கு வரவில்லை. வயலினும் நின்றது, தபேலாவும் நின்றது. அவர் மட்டும் தனியாக வாசித்து மகளைக் கொண்டுபோய் மணவறையில் விட்டார்.

அடுத்த வருடம் மாஸ்டர் போய்விட்டார்.

கல்யாண வீடியோ இருக்கிறது. ஆனால் வீடியோக்காரர் அந்தக் காலத்து வழக்கப்படி மண்டபத்துச் சத்தத்தை எல்லாம் எடுத்துவிட்டு, முழுக்க முழுக்கச் சினிமாப் பாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டார். மாலா நடந்து வருவது தெரியும். ஸ்டூல் தெரியும். அவர் கை கேட்காது. 'மாலா' டிஸ்க் என்னிடம்தான் இருக்கிறது. அதைத் திறக்கிற பெட்டி இன்றைக்கு எங்கேயும் இல்லை. எதற்கென்று சொல்லாமல் போன வருடம் கேட்டிருந்தேன், ஷாமினிகூடத் தேடிப் பார்த்தாள். கிளாரினெட் எச்சில் பட்ட மூன்று பக்கமும் அலமாரியில் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கின்றன.

நாலாவது பக்கம்தான் இல்லை. சுத்தம் பண்ணாதே என்று அவர் சொன்னதால், இடது கை வாசித்த எட்டு பாரை நான் இசைத்தாள் பக்கத்தில் திறக்கவே இல்லை. தொட்டுவிடுவேனோ என்று பயம். அத்தனையும் பட்ட பிறகும், அச்செடுக்க எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானத்தில் சில நாள் அந்த மூன்று பக்கத்தையும் விரித்து வைத்துக்கொண்டு, விரலால் மேசையில் தட்டித் தட்டி முணுமுணுத்துக்கொண்டே போவேன். எறும்பைப் பார்த்துப் பார்த்து, இடைவெளி விட வேண்டிய இடத்தில் விட்டு வருவேன். மூன்றாம் பக்கம் முடிந்ததும் மிச்சத்தை ஞாபகத்திலிருந்து பாடுவேன். மெட்டு தப்பாது. ஆனால் எத்தனை தரம் பாடினாலும் நேராகத்தான் வருகிறது.